சிரிப்பும் தீர்ப்பும்
கருங்காட்டு மலைகளில் மூன்று மிதிவண்டிக்காரர்கள்

நகைச்சுவை நூல்களைத் திறனாய்வு செய்வது நம்மிடையே அரிது. சிரிக்க வைத்த நூலைப் ‘பொழுதுபோக்கு’ என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிட்டு, அழவைத்த நூலுக்கே இலக்கியப் பீடத்தை அளித்துப் பழகிவிட்டோம். ஆயினும், ஒரு மனிதன் எதைக் கண்டு அழுகிறான் என்பதைவிட, யாரைக் கண்டு சிரிக்கிறான் என்பதே அவன் உள்ளத்தை நன்கு காட்டிக்கொடுக்கும். துயரம் எல்லார்க்கும் பொது. ஏளனமோ ஆளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே பாய்கிறது. எனவே, சிரிப்பிலக்கியத்தையும் தராசில் இட்டுப் பார்ப்பது திறனாய்வின் கடமையே என்று கருதுகிறோம்.

அவ்வாறு நிறுத்துப் பார்க்க ஏற்ற நூல் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்கிறோம். ஆங்கில எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘திரீ மென் ஆன் த பும்மெல்’ என்பதே அது. அவரது புகழ்பெற்ற ‘திரீ மென் இன் எ போட்’ 1889இல் வெளிவந்தது. தேம்ஸ் நதியில் படகு செலுத்திய அதே மூன்று நண்பர்கள், பத்தாண்டுகள் கழித்து, அவர்களுள் இருவர் குடும்பஸ்தர்களாகிவிட்ட நிலையில், மிதிவண்டிகளை எடுத்துக்கொண்டு ஜெர்மனியின் மலைக்காடுகளுக்குச் செல்கிறார்கள். ‘பும்மெல்’ என்பது ஜெர்மானியச் சொல். சேர வேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லாமல், குறித்த நாளுக்குள் வீடு திரும்பினால் போதும் என்று மனம்போன போக்கில் உலவி வருதலை அது குறிக்கும்.

படகு நூலைப் படித்தவர் பலர்; இந்நூலைப் படித்தவர் சிலரே. முன்னதன் நிழலில் இது மறைந்துபோனது. கட்டுக்கோப்பில் இது தளர்ந்த நூல் என்பதும் உண்மை. நதி ஒரே வழியில் ஓடுவதால் படகுக் கதைக்கு ஓர் ஒழுங்கு தானே அமைந்துவிடுகிறது; தரைப்பயணத்திற்கு அந்த வாய்ப்பு இல்லை. நண்பர்கள் ஹானோவர், பெர்லின், ட்ரெஸ்டன், பிராக், நியூரம்பர்க், ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ என்று ஊர் ஊராகச் சுற்றி, நூலின் பாதிக்கு மேல் கடந்த பின்னரே பாடன் நகரிலிருந்து கருங்காட்டுக்குள் வண்டியை மிதிக்கத் தொடங்குகிறார்கள். மிதிவண்டிப் பயண நூல் என்று வாங்கியவர் நெடுநேரம் காத்திருக்க வேண்டியதுதான்.

கருங்காடு என்று நாம் மொழிபெயர்க்கும் ‘ஷ்வார்ட்ஸ்வால்ட்’, ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் உள்ள மலைத்தொடர். ஊசியிலை மரங்கள் அடர்ந்து பகலிலும் இருண்டு தோன்றுவதால் அப்பெயர் பெற்றது. அதன் மிக உயர்ந்த சிகரமான ஃபெல்ட்பெர்க் 1,493 மீட்டர் உயரமுடையது. மரம் அறுத்தல், கடிகாரம் செய்தல், கால்நடை வளர்த்தல் ஆகியவை அம்மலை மக்களின் பழந்தொழில்கள். மிதிவண்டியின் மூதாதைக்கும் இந்தப் பக்கத்து மண்ணே பிறப்பிடம். பாடன் அரசில் வன அதிகாரியாயிருந்த கார்ல் டிரைஸ் என்பவர், மிதிகட்டை இல்லாமல் காலால் தரையை உந்திச் செல்லும் இருசக்கர வண்டியை 1817இல் மன்ஹைம் நகரில் ஓட்டிக் காட்டினார். அவர் பிறந்ததும் இறந்ததும் கார்ல்ஸ்ரூவில். ஆக, நம் மூவரும் அறிந்தோ அறியாமலோ மிதிவண்டியை அதன் தாய்வீட்டுக்கே கொண்டுசெல்கிறார்கள். அவர்களிடம் இருப்பவை இரண்டு வண்டிகள்: ஒன்று இருவர் சேர்ந்து மிதிப்பது, மற்றொன்று ஒருவர் மிதிப்பது.

இந்நூலில் என்றும் வாடாத பகுதிகள் எவை என்று கேட்டால், மிதிவண்டியைப் பற்றிய பகுதிகளே என்போம். நண்பர் ஒருவர் நல்ல நிலையில் உள்ள வண்டியைச் ‘சரிபார்த்துத் தருகிறேன்’ என்று வலிய வந்து, முன்சக்கரத்தைக் கழற்றி, பால்ரஸ் குண்டுகளைப் பாதையெங்கும் சிதறவிட்டு, செயின் உறையைப் பிரித்துப் பொருத்தத் தெரியாமல் வண்டியோடு மல்லுக்கு நிற்கும் காட்சியை யார் மறக்க முடியும்? பிறர் உடைமையைச் சீர்திருத்தவென்று வரும் அறியாமையின் முழு உருவம் அது. சைக்கிள் கடைக்காரர் எவரும் அந்த மனிதரை உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

இருவர் மிதிக்கும் வண்டியைப் பற்றி ஆசிரியர் கூறுவதும் அத்தகையதே. முன்னால் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவர் சும்மா காலைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார் என்ற ஐயம். பின்னால் இருப்பவருக்கோ முன்னவர் பெருமூச்சு மட்டும் விடுகிறார் என்ற ஐயம். மேட்டில் வண்டி நகராதபோது இருவருமே தம் கால்களைத் தவிர வேறு கால்களை நம்புவதில்லை. ஹாரிஸ் ஒருமுறை ஹாலந்து நாட்டில் மனைவியைப் பின்னால் அமர்த்திச் சென்றபோது, அம்மையார் வழியில் இறங்கிவிட்டதையே அறியாமல் நெடுந்தூரம் மிதித்துச் சென்ற கதையும் உண்டு. கூட்டுக் குடும்பம், கூட்டு வணிகம், கூட்டுச் சங்கம் என்று எதை நடத்தியவரும் இந்த வண்டியில் ஏறியவரே என்று சொல்லத் தோன்றுகிறது.

விளம்பரச் சுவரொட்டிகளைப் பற்றிய பகுதி இன்னும் நுட்பமானது. அவற்றில் வரும் மிதிவண்டிக்காரர் வியர்ப்பதில்லை, மிதிப்பதுகூட இல்லை. தேவதைகள் தள்ளிச்செல்ல, மேகத்தில் சாய்ந்ததுபோல் மலையேறுகிறார். அதை நம்பி வண்டி வாங்கியவரோ கொளுத்தும் வெயிலில் வண்டியைத் தாமே தள்ளிக்கொண்டு மேடேறுகிறார். இன்று மின்கலம் பூட்டிய மிதிவண்டிகள் ஐரோப்பிய மலைப்பாதைகளில் மிகுதியாக ஓடுகின்றன. 1900ஆம் ஆண்டின் சுவரொட்டிப் பொய்யில் ஒரு பாதி மெய்யாகிவிட்டது எனலாம். ஆனால், பொருளோடு சுகத்தையும் சேர்த்து விற்கும் விளம்பரத்தின் குணம் அணுவளவும் மாறவில்லை. ஆகவே அந்தப் பக்கங்கள் பழமைப்படவில்லை.

இப்பகுதிகள் ஏன் வாழ்கின்றன? இவற்றில் விழும் அடி எல்லாம் முதலில் எழுதியவரின் முதுகில் விழுகிறது. முந்திய மாலை அறையில் அமர்ந்து திட்டமிடும்போது அதிகாலைப் பயணம் எவ்வளவு இனிதாகத் தோன்றுகிறது, விடிந்தபின் போர்வை எவ்வளவு கனக்கிறது என்று எழுதும்போது, அவர் தம்மையே காட்டிக்கொடுக்கிறார். வரைபடத்தில் விரற்கடை அளவாயிருந்த தூரம் காலுக்கு எவ்வளவு நீளமாகிறது என்பதையும் தம் காலைக்கொண்டே அளக்கிறார். தொடக்கத்தில் மனைவி எதல்பர்த்தாவிடம் விடைபெறுவதற்காக அவர் தந்திரமாகச் சச்சரவை மூட்டப் பார்க்க, அந்த அம்மையாரோ, தமக்கும் அவ்வப்போது கணவரில்லாத ஓய்வு தேவைப்படுகிறது என்று அமைதியாகச் சொல்லிவிடுகிறார். ஏமாற்ற வந்தவரே ஏமாறிப் போகிறார். குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்கத்தக்க சிரிப்பு என்றால் அதுவே.

மிதிவண்டி அடக்கத்தைக் கற்பிக்கும் வாகனம். புகைவண்டியில் செல்பவனுக்கு மலை ஒரு காட்சி. மிதிப்பவனுக்கோ அது ஓர் ஆசான். ஜெரோம் மலையேறும் வரையில் அந்த ஆசானுக்குப் பணிந்த மாணவராகவே எழுதுகிறார்.

இனி, நூலுக்குள் இருக்கும் இரண்டாம் நூலுக்கு வருவோம். நியூரம்பர்க்கிற்கும் கருங்காட்டிற்கும் இடையில் மூவரும் ஏதேனும் ஒரு வகையில் சட்டத்தின் பிடியில் சிக்கிக்கொள்கிறார்கள். ஹாரிஸ் ஸ்டுட்கார்ட்டில் ஓர் அலுவலரை அவமதித்ததாகக் குற்றம் சாட்டப்படுகிறார். நண்பருடையது என்று எண்ணி வேறொருவர் வண்டியைப் புகைவண்டியிலிருந்து இறக்கிய குற்றம் ஆசிரியருடையது. எங்கு நோக்கினும் அறிவிப்புப் பலகை, சீருடை, அபராதம். ஓடையின் இரு கரையிலும் சுவர் எழுப்பி, அது ஒழுங்காக ஓடக் கற்பிக்கப்படுகிறது. மரங்கள் வரிசை தவறாமல் நிற்கின்றன. மலையுச்சியில் காட்சி இருந்தால் மட்டும் போதாது. உணவு விடுதியும் இருந்தாக வேண்டும். இவற்றையெல்லாம் பார்த்து ஆசிரியர் முதலில் சிரிக்கிறார். பிறகு மெல்லச் சிரிப்பை நிறுத்துகிறார்.

கடைசி அத்தியாயத்தில் அவர் கூறுவது இது: ஜெர்மானியர் நல்லவர், அன்புடையவர், உழைப்பாளிகள்; ஒருவேளை உலகிலேயே சிறந்த மக்கள். ஆனால், சீருடையும் பொத்தானும் தரித்து வரும் எதற்கும் கீழ்ப்படிவதையே அவர்கள் அறமாகக் கொண்டிருக்கிறார்கள். மரண தண்டனை பெற்ற ஒருவனிடம் கயிற்றைக் கொடுத்து, நீயே நிறைவேற்றிக்கொள் என்று அனுப்பினால், அவன் வீட்டுக்குச் சென்று ஆணைப்படி முடித்துவிடுவான் என்று ஒரு கொடிய வேடிக்கையும் சொல்கிறார். இதுவரை அவர்களுக்கு நல்லாட்சி வாய்த்துவிட்டது. ஆளும் இயந்திரம் என்றேனும் பழுதுபட்டால் அன்றுதான் அவர்களுக்குத் துன்பம் தொடங்கும் என்பது அவர் தரும் எச்சரிக்கை.

எழுதிய ஆண்டு 1900 என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க. 1914இல் முதல் உலகப்போர் மூண்டது. ஐம்பது வயது கடந்த ஜெரோம் பிரெஞ்சுப் படைக்கு ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டினார். 1927இல் அவர் மறைந்தார். 1933இல் ஆளும் இயந்திரம் அவர் கனவிலும் காணாத அளவு பழுதுபட்டது. டுட்லிங்கனிலிருந்து சிக்மாரிங்கன் வரை டான்யூப் நதி செல்லும் பள்ளத்தாக்கை ஜெர்மனியிலேயே பேரழகு வாய்ந்ததாக அவர் போற்றியிருந்தார். அந்தச் சிக்மாரிங்கன் கோட்டையில்தான், 1944ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நாஜிகளுக்குத் துணைநின்ற பிரெஞ்சு விஷி அரசின் தலைவர்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். மூவரும் உலாவிய நியூரம்பர்க்கில் 1945-46இல் சர்வதேச நீதிமன்றம் கூடியது. மேலிடத்து ஆணைக்குக் கீழ்ப்படிந்தேன் என்பது ஒருவனைக் குற்றத்திலிருந்து விடுவிக்காது என்பது அந்நீதிமன்றத்தின் சாசனத்திலேயே எழுதப்பட்டது. 1961இல் ஜெரூசலத்தில் விசாரிக்கப்பட்ட ஐக்மன் என்பவனும் அதே சாக்கைத்தான் சொன்னான்.

இவற்றை அறிந்த இக்காலத்து வாசகர் கடைசி அத்தியாயத்தைப் படித்ததும் மெய்சிலிர்த்து, ஜெரோமை ஒரு தீர்க்கதரிசனக் கலைஞராகப் போற்றுவது இயல்பே. அந்தப் பாராட்டில் ஒரு பகுதியை நாமும் மனமார வழங்குகிறோம். மறுபகுதியை வழங்க நமக்கு மனம் ஒப்பவில்லை.

காரணம் இது. ஜெரோம் கண்டது ஒரு பழக்கத்தை: பள்ளியும் படைமுகாமும் அலுவலகமும் சேர்ந்து ஒரு மக்களுக்கு ஊட்டிய பழக்கத்தை. அவர் எழுதியதோ ஒரு குலத்தின் பெயரை. ‘இவ்வாறு வளர்க்கப்பட்டவர்’ என்று எழுத வேண்டிய இடமெல்லாம் ‘ஜெர்மானியர்’ என்று எழுதினார். இரண்டும் ஒன்றே எனச் சிலர் கருதலாம், ஒன்றல்ல. பழக்கம் என்றால் எந்த நாட்டிற்கும் அது வரும், எந்த நாட்டினின்றும் அது போகும். குலத்தின் இயல்பு என்றால் பிறந்த குழந்தையும் குற்றவாளி.

இதற்கு மறுப்பு வெகுதொலைவில் இல்லை. அதே டான்யூப் நதி கீழே இறங்கிச் சேரும் ஊர் உல்ம். அங்கே வளர்ந்த ஹான்ஸ் ஷோல் என்னும் இளைஞரும் அவர் தங்கை சோஃபி ஷோலும் நாஜி ஆட்சியை எதிர்த்துத் துண்டறிக்கை அச்சிட்டுப் பரப்பினர். 1943 பிப்ரவரி 22 அன்று மியூனிக்கில் இருவரும் கொல்லப்பட்டனர். சோஃபிக்கு அப்போது வயது 21. ‘ஜெர்மானியர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்தப் பெண்ணை எங்கே வைப்பது? எச்சரிக்கை பலித்தது என்பதனால் அந்தப் பொதுத்தீர்ப்பு நியாயமாகிவிடாது.

வழிப்போக்கர் ஒருவர் இரண்டு நாள் தங்கி, நாலு பேரைப் பார்த்து, ஒரு சமுதாயம் முழுமைக்கும் குணச்சான்றிதழ் எழுதிச் சென்றால் அது எவ்வளவு வலிக்கும் என்பதை எழுதப்பட்டவர்கள் அறிவர். அந்த வலியை அறிந்தவர்கள் பிறரைப் பற்றிய அத்தகைய தீர்ப்பைப் படிக்கும்போதும் சற்று நின்று படிக்க வேண்டும். தமக்கு ஆகாத அளவுகோல் பிறருக்கும் ஆகாது.

ஜெரோமால் இதைவிட நன்றாகத் தீர்ப்பளிக்க இயலும் என்பதற்கு அவர் நூலிலேயே சான்று உண்டு. மாணவர்கள் வாளால் ஒருவர் முகத்தை ஒருவர் கிழித்துக்கொள்ளும் ‘மென்சூர்’ என்னும் சண்டையை அவர் நேரில் பார்த்து எழுதிய அத்தியாயத்தைக் காண்க. அங்கே வேடிக்கை இல்லை. முதற்சண்டையில் அருவருப்படைந்த தமக்கு அடுத்ததில் அது குறைந்ததையும், மூன்றாவதில் இன்னும் இரத்தம் வேண்டும் என்ற வெறி தம்முள்ளேயே எழுந்ததையும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். கொடிய வழக்கம் பார்ப்பவனையும் மிருகமாக்கும் என்பதைத் தம்மையே சாட்சிக் கூண்டில் ஏற்றி மெய்ப்பிக்கிறார். ஆகவே அந்தக் கண்டனத்தை ஒரு ஜெர்மானிய வாசகரும் தட்ட முடியாது. கடைசி அத்தியாயத்தில் அவர் கூண்டிலிருந்து இறங்கி நீதிபதியின் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். ஆங்கிலேயர் பிறமொழி கற்க மறுத்துப் பணப்பையை நீட்டியே ஆங்கிலத்தை உலகெங்கும் பரப்பினர் என்று கேலி செய்யத் தெரிந்தவர் அவர். ஆனால், அதே ஆண்டில் தம் நாட்டுச் சீருடைக்கு முன் வாய்பேசாது நின்ற இந்தியா போன்ற நாடுகளின் நிலையை அந்த அளவு கூர்மையோடு எண்ணிப் பார்க்கவில்லை.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். கருங்காட்டில் மூவரும் ஒரு குடியானவர் வீட்டில் இரவு தங்குகிறார்கள். மாடும் மனிதரும் ஒரே கூரையின்கீழ் வாழும் அவ்வீட்டின் மணத்தையும், விடியுமுன்னே எழும் சந்தடியில் ஜார்ஜ் நாலு மணிக்கே எழுந்துவிட்டதையும் சுவையாக எழுதுகிறார். ஆனால், கதவைத் திறந்து இடம் கொடுத்த குடும்பம் நம் நினைவில் நிற்பதில்லை. அவர்களுடைய கவலை, பேச்சு, பாடு எதுவும் நமக்கு எட்டவில்லை. அவர்கள் வேடிக்கைக்குப் பின்திரையாகி மறைகிறார்கள்.

பயண இலக்கியத்தில் இதற்கு மாறான மரபொன்று உண்டு. இப்னு பதூதா தம் பயணங்களை எடுத்துரைக்க, இப்னு ஜுஸை எழுதி 1355இல் முடித்த ‘ரிஹ்லா’வில் எத்தனை எத்தனை பெயர்கள்! இடம் தந்தவர், உணவிட்டவர், கற்பித்தவர் என்று மனிதர்கள் பெயரோடு நிற்கிறார்கள். அவரும் போகுமிடமெல்லாம் தீர்ப்புச் சொன்னவரே. எனினும் தாம் யாருக்குக் கடன்பட்டோம் என்பதை மறந்தாரில்லை. மிதிவண்டியிலும் அந்த வழி இயலும் என்பதற்கு அயர்லாந்துப் பெண்மணி டெர்வ்லா மர்ஃபி சான்று. 1963இல் தனியொருவராக அயர்லாந்திலிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகத் தில்லிவரை அவர் மிதிவண்டியில் வந்தார். 1965இல் வெளியான அவரது ‘ஃபுல் டில்ட்’ நூலில் விருந்தோம்பியவர்களே கதையை நடத்துகிறார்கள். தனியே வந்தவருக்குப் பிறர் கதவு தேவைப்பட்டது. பணமும் துணையும் உள்ள மூவருக்கோ விடுதியே போதுமாயிருந்தது. இரண்டு நூல்களுக்கும் உள்ள வேறுபாட்டின் வேர் இங்கே இருக்கிறது.

இத்தனையும் சொன்ன பின், இந்நூலைப் படிக்க வேண்டாம் என்கிறோமா? இல்லை. வளர்ந்த பிள்ளைகள் உள்ள இல்லந்தோறும் இது இருக்கலாம் என்போம். சைக்கிள் பழுதுபார்க்கும் பகுதியை உரக்கப் படித்துக் குடும்பமே சிரிக்கலாம். கடைசி அத்தியாயத்தை மட்டும் ஒரு முயற்சியோடு படிக்குமாறு கேட்டுக்கொள்வோம்: ‘ஜெர்மானியர்’ என்று வரும் இடமெல்லாம் அச்சொல்லை எடுத்துவிட்டு, நம் ஊர், நம் தெரு, நம் சங்கம், நம் வீடு என்று மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். பெரியவர் சொன்னார், மேலிடத்தில் சொன்னார்கள், எல்லாரும் செய்கிறார்கள் என்று நாம் செய்து முடித்தவற்றில் மனசாட்சி ஒப்பியது எத்தனை, ஒப்பாதது எத்தனை என்று அப்போது ஒரு கணக்கு எழும்.

கீழ்ப்படிதல் நல்ல குணம்தான். பிள்ளைகளுக்கு அதைக் கற்பிக்கவும் வேண்டும். ஆனால், ‘ஏன்’ என்று கேட்கும் உரிமையையும், தீயதற்கு ‘மாட்டேன்’ என்று சொல்லும் துணிவையும் அதனுடன் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஜெரோம் ஓர் அயல்நாட்டாரைப் பார்த்து எழுதிய எச்சரிக்கை, நம்மைப் பார்த்துப் படிக்கப்படும்போதுதான் முழுப் பயன் தரும்.